மலாயா எஞ்சினைக் கையால் கட்ட: எந்தக் கிட், எந்த அளவு, உதிரிகள் எங்கிருந்து?

செந்தூல் இரயில்வே பணிமனையில் வேலை செய்து, பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கோலாலம்பூரில் இன்றும் ஏராளமாக இருக்கிறார்கள். தாத்தா பழுதுபார்த்த அல்லது ஓட்டிய எஞ்சினைச் சிறிய அளவில் தம் கையாலேயே கட்டி ஓடவிட வேண்டும் என்ற ஆசை அவர்களில் சிலருக்கேனும் உண்டு. ஆனால் பெட்டியைத் திறந்து தண்டவாளத்தில் வைத்தவுடன் ஓடக்கூடிய மலாயா எஞ்சின் மாதிரிகளைப் பெரிய நிறுவனங்களின் பட்டியல்களில் காண்பது அரிது என்பதால், அந்த ஆசையோடு வருபவர் தொடக்கத்திலேயே ஒரு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பிரிட்டனின் உலோகக் கிட்டை (நாமே பொருத்திக் கட்டும் உதிரித் தொகுப்பை) வாங்குவதா, ஜப்பானின் பித்தளைக் கிட்டை வாங்குவதா, மோட்டாரும் சக்கரமும் சேர்ந்த ஆயத்தமான ஓர் இயங்குபகுதியை வாங்கி அதன்மேல் முப்பரிமாண அச்சில் எடுத்த வெளிக்கூட்டைப் பொருத்துவதா? பெரும்பாலோர் கூட்டின் அழகைப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். என் கருத்தில் தேர்வைச் சக்கரத்திடமும் கியர்பாக்ஸிடமும் ஒப்படைப்பதே சரி. கூட்டைக் கோலாலம்பூரிலேயே தகட்டிலோ பிளாஸ்டிக்கிலோ அச்சிலோ எப்படியாவது செய்துகொள்ளலாம். வட்டம் பிசகாத, ஒன்றுக்கொன்று அளவொத்த ஆறு எஞ்சின் சக்கரங்களை வீட்டில் செய்வது கடைசல் இயந்திரம் இல்லாதவர்க்கு இயலாத காரியம்.

சக்கரத்தைப் பற்றிப் பேசுமுன் பாதையின் அகலத்தைத் தீர்மானிக்க வேண்டும். 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்குப் போட்ட முதல் பாதையிலிருந்து இன்றைய இ.டி.எஸ். மின்சார இரயில் வரை நம்முடையது மீட்டர் பாதை, அதாவது 1000 மில்லிமீட்டர் அகலம். மாதிரித் தண்டவாளங்களில் தாராளமாகக் கிடைப்பவையோ 16.5, 12, 9 மில்லிமீட்டர் அகலமுள்ளவை. 16.5 மி.மீ. பாதையின்மேல் 1:64 அளவில், அதாவது நிஜத்தின் 64இல் ஒரு பங்காக, எஞ்சினைக் கட்டினால் அது நிஜத்தில் 1056 மி.மீ. பாதைக்குச் சமமாகும், 12 மி.மீ. பாதையில் 1:87 அளவு 1044 மி.மீ.க்கும், 9 மி.மீ. பாதையில் 1:120 அளவு 1080 மி.மீ.க்கும் சமம். மூன்றிலும் உள்ள பிழை கண்ணுக்குத் தெரியாத அளவே. நியூசிலாந்தும் குயின்ஸ்லாந்தும் 1067 மி.மீ. பாதை கொண்டவை என்பதால் 16.5 மி.மீ. மீது 1:64 என்ற இணைப்பு அங்குள்ளவர்களிடம் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. நியூசிலாந்தில் 9 மி.மீ. மீது 1:120 என்ற இணைப்பும் உண்டு. அவர்களுடைய உதிரிகளும் அனுபவமும் நமக்கு நேரடியாகப் பயன்படும். மாறாக, பிரிட்டனில் பெருவழக்கான 1:76 அளவை அப்படியே 16.5 மி.மீ. பாதையில் ஏற்றினால் 1254 மி.மீ. ஆகிவிடும். குறுகிய பாதையின்மேல் அகன்ற உடல் நிற்கும் அந்த மீட்டர் பாதைத் தோற்றம்தான் மலாயா எஞ்சினின் அடையாளம். அது போனபின் மிச்சமெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

வீட்டில் உள்ள இடமும் இதைத் தீர்மானிக்கும். 20 மீட்டர் நீளப் பயணிகள் பெட்டி 1:64 அளவில் 31 சென்டிமீட்டருக்குச் சற்று மேலும், 1:120 அளவில் 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். 16.5 மி.மீ. பாதையில் பெரிய எஞ்சின் தடையின்றித் திரும்ப 60 சென்டிமீட்டர் ஆரமாவது வேண்டும், 9 மி.மீ. பாதையில் 28 அல்லது 31 சென்டிமீட்டர் போதும். அடுக்குமாடி வீட்டின் ஓர் அறைதான் இருக்கிறது என்பவர் இந்த ஒரு கணக்கிலேயே பாதி முடிவுக்கு வந்துவிடலாம்.

முதலில் பிரிட்டனின் கிட்டுகள். அமிலத்தால் அரித்து வடிவம் வெட்டிய பித்தளை அல்லது நிக்கல் சில்வர் தகடுகளை மடித்து, சால்டரிங் செய்து கட்டும் முறை அங்கே பல பத்தாண்டுகளாக வளர்ந்து முதிர்ந்தது. கிட்டை ஒருவர் தருவார், சக்கரத்தை வேறொருவர், கியர்பாக்ஸை மூன்றாமவர் தருவார். இந்தப் பிரிவினை புதியவர்க்குத் தலைவலியாகத் தோன்றினாலும் மலாயா எஞ்சின் கட்டுபவருக்கு இதுவே பெரிய வசதி என்பேன். ஏனெனில் மலாயாவுக்கான கிட்டே இல்லாவிட்டாலும் மலாயா எஞ்சினுக்கு வேண்டிய சக்கரத்தையும் கியரையும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளலாம். நிஜ எஞ்சினின் சக்கர விட்டத்தை அளவால் வகுத்து, கிடைக்கும் மில்லிமீட்டரோடு மிக நெருங்கும் சக்கரத்தைப் பட்டியலில் தேடினால் போதும்.

அந்தச் சக்கரங்களில் இருவகை உண்டு, இரண்டில் எதை வாங்குகிறோம் என்பது பின்னால் வரும் வேலை அனைத்தையும் பாதிக்கும். மார்க்கிட்ஸ் நிறுவனத்தின் வகையில் சக்கர அச்சின் இரு முனைகளும் சதுரமாக இருப்பதால், சக்கரத்தைச் செருகித் திருகினாலே வலப்பக்கக் கிராங்கும் (சக்கரத்தில் தண்டு இணையும் பிடி) இடப்பக்கக் கிராங்கும் 90 பாகைக் கோணத்தில் தானாக அமைந்துவிடும். இணைப்புத் தண்டு சிக்கி எஞ்சின் நொண்டுவதற்கு முதற்காரணம் இந்தக் கோணம் அச்சுக்கு அச்சு மாறுவதுதான். முதல் எஞ்சினைக் கட்டுபவரை இந்தச் சதுர முனை பெரும் துயரிலிருந்து காப்பாற்றும். ஆலன் கிப்சன் நிறுவனத்தின் வகையில் ஆரக்கால்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை, விளிம்பு எஃகு. அவற்றை வழவழப்பான அச்சில் அழுத்திப் பொருத்தி, கோணத்தை நாமே ஒரு பிடிகருவியின் துணையால் அமைக்க வேண்டும். பார்வைக்கு இவை மெல்லியவை, நிஜத்துக்கு நெருக்கமானவை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அச்சு வெறும் 3.175 மி.மீ. எஃகுக் கம்பிதான் என்பதால், 12 மி.மீ. பாதைக்கோ, 1:76 அளவில் மீட்டர் பாதைக்கு ஒத்த 13 மி.மீ. பாதைக்கோ நாம் விரும்பிய நீளத்தில் அதை வெட்டிக்கொள்ளலாம். சதுர முனை அச்சோ தயாரிப்பாளர் தரும் நீளத்தில் மட்டுமே கிடைக்கும். ஆகவே மீட்டர் பாதைக்குக் குறுகலாகக் கட்ட நினைப்பவர்க்கு அழுத்திப் பொருத்தும் வகையும், 16.5 மி.மீ. பாதையிலேயே நிற்பவர்க்குச் சதுர முனை வகையும் பொருந்தும் என்பது என் தீர்ப்பு.

மலாயாவின் நீராவி எஞ்சின்களில் பலர் கட்ட விரும்புவது, கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் 1930களின் இறுதியிலிருந்து அனுப்பிய 4-6-2 அமைப்பிலான (முன்னே நான்கு, நடுவே ஆறு இயக்கு சக்கரங்கள், பின்னே இரண்டு; ‘பசிபிக்’ என்பது இந்த அமைப்பின் பெயர்) ‘ஓ’ வகுப்பு. பின்னாளில் 56ஆம் வகுப்பு எனப்பட்ட இவ்வகையில் ஊர்ப்பெயர் தாங்கிய எஞ்சின்கள் ஓடின. தெமர்லோ என்ற பெயருடைய 564.36 இவற்றுள் புகழ்பெற்றது. இதற்கு மூன்று சிலிண்டர்கள். நீராவியைச் சுழலும் கேம் தண்டால் இயங்கும் பாப்பெட் வால்வுகள் பங்கிடும். மாதிரி கட்டுபவருக்கு இது பெரும் நன்மை, ஏனெனில் மற்ற பசிபிக் எஞ்சின்களின் வெளிப்புறத்தில் அடர்ந்து தொங்கும் வால்வுத் தண்டுகளின் கூட்டம் இதில் இல்லை. இணைப்புத் தண்டும் முதன்மைத் தண்டும் கேம் பெட்டிக்குச் செல்லும் சுழல்தண்டுமே வெளியே தெரியும். உலோகக் கிட் வேலையில் மிகக் கடினமான பகுதி இங்கே பாதியாகக் குறைந்துவிடுகிறது. மூன்று சிலிண்டர் எஞ்சினின் கிராங்குகள் 90க்குப் பதிலாக 120 பாகையில் இருக்க வேண்டுமே என்று நுணுக்கம் பார்ப்பவர் கேட்கலாம். அழுத்திப் பொருத்தும் சக்கரத்தில் அதையும் செய்யலாம். சதுர முனை அச்சில் செய்ய முடியாது என்றாலும், எஞ்சினின் இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் எவரும் பார்க்க முடியாது என்பதால் அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. கிட் இல்லாத இந்த எஞ்சினுக்கு அளவுகளைத் தேடுபவர், நார்த் பிரிட்டிஷ் நிறுவனத்தின் ஆவணங்கள் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் காப்பகத்தில் இருப்பதை நினைவில் கொள்ளலாம்.

கியர்பாக்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. நிமிடத்துக்கு 12,000 சுற்று சுழலும் மோட்டாரும் 40:1 கியரும் 18 மி.மீ. சக்கரமும் இருந்தால், சக்கரம் நிமிடத்துக்கு 300 முறை சுழன்று ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். 1:76 அளவில் அது மணிக்கு 77 கிலோமீட்டர் வேகம். பயணிகள் எஞ்சினுக்கு அது பொருந்தும், பெட்டிகளை இழுத்து ஒதுக்கும் சிறிய எஞ்சினுக்கு 60:1க்கு மேல் வேண்டும். கிட் கட்டுவோர் நம்பியிருந்த மஷிமா என்ற ஜப்பானிய மோட்டாரின் உற்பத்தி நின்றுவிட்டது. இன்று கோர்லெஸ் (சுழலியில் இரும்பு மையம் இல்லாத) மோட்டார்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன. ஷாப்பியில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் என்20 மோட்டாரைப் பலர் விரும்பி வாங்குகிறார்கள். 12க்கு 10 மி.மீ. குறுக்களவு கொண்ட அது எஞ்சினுக்குள் அடங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் மோட்டாரின் சுழல்தண்டு 1 மி.மீ. தடிமன், பிரிட்டனின் கியர்பாக்ஸ்களில் உள்ள புழுக்கியரின் துளை பெரும்பாலும் 1.5 அல்லது 2 மி.மீ. இடையில் குழாய் செருகி ஈடுகட்டினால் மையம் பிசகி இரைச்சல் வரும். மோட்டாரையும் கியர்பாக்ஸையும் ஒரே இடத்தில், ஒன்றுக்கொன்று பொருந்துபவையாக வாங்குவதே செலவைக் குறைக்கும் வழி.

ஜப்பானின் கிட்டுகள் வேறு மரபைச் சேர்ந்தவை. வேர்ல்டு கோகெய் போன்ற நிறுவனங்கள் பித்தளைத் தகடு, வார்ப்புகள், இயங்குபகுதி எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தருகின்றன. உதிரி தேடி அலைய வேண்டியதில்லை, பொருத்தமும் துல்லியம். விளக்கத்தாள் ஜப்பானிய மொழியில் இருந்தாலும் படங்கள் தெளிவானவை. நமக்கு உள்ள இடையூறு, அந்த எஞ்சின்கள் ஜப்பானுக்குரியவை என்பதே. ஒன்றை மட்டும் விதிவிலக்காகச் சொல்லலாம். போர்க்காலத்தில் சி56 வகுப்பின் 90 எஞ்சின்கள் மீட்டர் பாதைக்கு மாற்றப்பட்டுத் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் அனுப்பப்பட்டன. மலாயாவின் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் பல்லாயிரவர் உயிரிழந்த சயாம் மரண இரயில் பாதையில் ஓடியவை அவை. அந்த எஞ்சினைக் கட்டி வைப்பது நம் வரலாற்றை வீட்டில் வைப்பதற்கு ஈடு என்று கருதும் குடும்பங்கள் நம்மிடையே இருக்கக்கூடும், அவர்களுக்கு ஜப்பானின் வழியே சரியான வழி. காட்டோ நிறுவனம் 9 மி.மீ. பாதையில் 1:150 அளவுள்ள சி56ஐ ஆயத்தமாகவே வெளியிட்டிருக்கிறது. மலாயாவின் எஞ்சினே வேண்டும் என்பவர்க்கு ஜப்பான், கிட்டைவிட உதிரிகளுக்கே உதவும்; 12 மி.மீ. பாதைக்குரிய தண்டவாளம், சக்கரம், சிறு வார்ப்புகள் ஆகியவற்றைப் பொறுத்தவரை அந்நாட்டுக் கடைகளே என் முதல் தேர்வு.

மூன்றாவது வழி டீசல் எஞ்சின்களுக்கு மிகவும் ஏற்றது. இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனம் 1957இல் அனுப்பிய 20ஆம் வகுப்பும், 1970களின் தொடக்கத்தில் வந்த 22ஆம் வகுப்பும் மூன்று அச்சுகள் கொண்ட இரு போகிகள்மேல் (திரும்பும் சக்கரத் தாங்கிகள்மேல்) நிற்பவை. அதே அமைப்புள்ள அமெரிக்க எஸ்டி40-2 எஞ்சினின் 1:87 மாதிரிகள் பழைய பொருள் விலைக்குக் கிடைக்கின்றன. அதன் போகியில் முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் இடையே நிஜத்தில் 4.14 மீட்டர், மாதிரியில் 47.5 மி.மீ. அதே 47.5 மி.மீ.யை 1:64 அளவாகப் படித்தால் 3.04 மீட்டர் வருகிறது. மீட்டர் பாதைப் போகிக்கு இது நம்பத்தக்க நீளம். பாதையும் 16.5 மி.மீ. என்பதால் எதையும் மாற்ற வேண்டியதில்லை. குறை சக்கரத்தில்தான். 1016 மி.மீ. விட்டமுள்ள அமெரிக்கச் சக்கரம் 1:64 அளவில் 747 மி.மீ. ஆகச் சுருங்கிவிடுகிறது, மீட்டர் பாதை டீசல்களின் சக்கரம் பொதுவாக அதைவிடப் பெரியது. போகியின் பக்கச்சட்டங்களைப் புதிதாக அச்சிட்டுச் சற்றுக் கீழே இறக்கிப் பொருத்தினால் சிறிய சக்கரம் பெருமளவு மறைந்துவிடும் என்பதால், இதை ஏற்றுக்கொள்ளத்தக்க சமரசமாகவே கருதுகிறேன். இடம் போதாதவர் 9 மி.மீ. பாதையின் ஜப்பானிய இயங்குபகுதியை வாங்கி 1:120 அளவில் கூட்டை அச்சிடலாம்.

கூட்டை அச்சிட்டுத் தரும் சிறு நிறுவனங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே உள்ளன. வெளிநாட்டு அச்சகத்தை நம்பியிருந்தோர்க்கு 2024இல் ஷேப்வேஸ் நிறுவனம் திவாலானது ஒரு பாடம். வடிவக் கோப்பு நம் கணினியில் இருக்க வேண்டும், அச்சிடுபவர் யாராகவும் இருக்கலாம். ரெசின் கூடு இலேசானது என்பதால் இழுக்கும் வலுவுக்கு உள்ளே எடை வைக்க வேண்டும், தூண்டில் கடையில் கிடைக்கும் ஈயம் அதற்குப் போதும். கூட்டின் மெல்லிய பக்கங்கள் நம் வெப்பத்தில் நாளடைவில் வளையக்கூடும். உட்புறம் குறுக்குச் சட்டங்கள் வைத்தே வடிவமைக்க வேண்டும். பித்தளைக் கூட்டுக்கு இந்தக் கவலை இல்லை. முப்பது ஆண்டு கழித்தும் நேராக நிற்க வேண்டிய எஞ்சினுக்கு நான் தகட்டையே தேர்ந்தெடுப்பேன்.

உதிரிகளை வரவழைப்பதில் வரியும் வான்வழி விதிகளும் குறுக்கிடும். 2024 ஜனவரி 1 முதல், 500 ரிங்கிட்டுக்கு மிகாத இறக்குமதிப் பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. ஆண்டுக்கு 500,000 ரிங்கிட்டுக்கு மேல் இங்கே விற்கும் பதிவுபெற்ற விற்பனையாளர்களே அதை வசூலிப்பார்கள் என்பதால் பெரிய இணையச் சந்தைகளில் அது விலையோடு சேர்ந்துவிடும். ஒருவரோ இருவரோ நடத்தும் பிரிட்டிஷ் உதிரிக் கடைகள் பெரும்பாலும் அந்த வரம்புக்குள் வருவதில்லை. 500 ரிங்கிட்டைத் தாண்டிய பொட்டலம் வழக்கமான சுங்க மதிப்பீட்டுக்குச் செல்லும். பிரிட்டனில் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிவுசெய்த கடை ஏற்றுமதிக்கு அதைக் கழித்துத் தரலாம். விலையை ஒப்பிடுமுன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அஞ்சல் கட்டணம் எடையைவிடப் பொட்டலங்களின் எண்ணிக்கையால் ஏறும், ஆகவே சக்கரம், அச்சு, திருகு, தாங்கி ஆகியவற்றைச் சேர்த்தே வாங்க வேண்டும். திருகுகள் முக்கியம்: பிரிட்டனின் கிட்டுகள் பி.ஏ. என்ற பழைய அளவில் அமைந்தவை. 10பி.ஏ. என்பது 1.7 மி.மீ., 8பி.ஏ. என்பது 2.2 மி.மீ. இங்கே கிடைக்கும் எம்1.6, எம்2 திருகுகளைக் கொண்டு சமாளிக்கலாம் என்றாலும் மரைவெட்டியையும் அதே அளவில் வாங்கிவிடுவது நல்லது.

சால்டரிங்குக்கான அமிலக் கலவை (ஃபிளக்ஸ்), வண்ணம், கரைப்பான் ஆகியவற்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க முயலவே வேண்டாம். வான்வழி அஞ்சலில் அவற்றுக்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டு. இங்கே கிடைப்பவையே போதுமானவை. புடுவில் ஜாலான் பாசார் மின்னணுக் கடைகளில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் கருவியும் 183 பாகையில் உருகும் ஈயக் கம்பியும் (ஈயமும் வெள்ளீயமும் கலந்த சால்டர்) தாராளம். பிரிட்டனின் கட்டுமான நூல்கள் இரண்டாம் கட்ட இணைப்புகளுக்கு 145 பாகைக் கம்பியைச் சொல்லும். அதற்கு மாற்றாகக் கைப்பேசி பழுதுபார்ப்போர் பயன்படுத்தும் 138 பாகைப் பிஸ்மத் பசை இங்கேயே கிடைக்கிறது. அதில் ஒரு கவனம் வேண்டும். முன்பே ஈயக் கம்பி படிந்த இடத்தில் பிஸ்மத்தைச் சேர்த்தால் ஈயமும் பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்து 100 பாகைக்கும் கீழே உருகும் கலவை உருவாகி, இணைப்பு வலுவிழக்கும். நுண்ரம்பம், ஊசி அரம், இடுக்கி ஆகியவற்றுக்குப் பொற்கொல்லர் கருவிகள் விற்கும் கடைகளை விஞ்ச வேறில்லை. லெபோ அம்பாங், மஸ்ஜித் இந்தியா வட்டாரத்து நகைப்பட்டறைக்காரரிடம் கேட்டால் வழிகாட்டுவார். வண்ணத்துக்கும் தெளிப்பானுக்கும் ‘குண்டாம்’ என்ற ஜப்பானிய ரோபோ பொம்மைகளின் பிளாஸ்டிக் கிட் விற்கும் கடைகள் இருக்கின்றன. மழை பெய்யும் மாலையில் லேக்கர் வண்ணம் தெளித்தால் மேற்பரப்பு வெண்மையாகப் பூத்துவிடும், அதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

ஈரப்பதம் உலோகக் கிட்டுக்கு உண்மையான பகை. அமிலக் கலவையின் எச்சத்தைச் சமையல் சோடா கரைத்த நீரில் அன்றைய தினமே கழுவாவிட்டால் எஃகு விளிம்புள்ள சக்கரம் துருப்பிடிக்கும், பித்தளை பச்சையாகும்; சக்கரம் பொருத்திய பிறகு அமிலத்தைத் தொடவே கூடாது. பித்தளையைவிட நிக்கல் சில்வர் சூட்டைக் குறைவாகக் கடத்துவதால் சிறிய கருவியாலேயே இணைப்பு பிடிக்கும். இரண்டும் கிடைக்கும் கிட்டில் சற்று விலை கூடினாலும் நிக்கல் சில்வரையே முதன்முறை கட்டுபவருக்குப் பரிந்துரைப்பேன்.

இதுவரை எதையும் கட்டியிராத ஒருவர் நேரே ‘ஓ’ வகுப்பில் இறங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆறு சக்கரம் மட்டும் கொண்ட சிறிய பிரிட்டிஷ் டாங்க் எஞ்சின் (நீர்த்தொட்டியைத் தன்மேலேயே சுமப்பது) கிட் ஒன்றை, நிக்கல் சில்வர் சட்டகம், சதுர முனைச் சக்கரம், பொருத்தமான மோட்டார் கியர்பாக்ஸ் ஆகியவற்றோடு வாங்கி முடிப்பது ‘ஓ’ வகுப்புக்குச் செல்லும் நேர்வழி; அதில் கற்கும் சட்டகத்தைக் கோணலின்றிக் கட்டும் திறனும் கிராங்குக் கோண ஒழுங்கும் அப்படியே பசிபிக் எஞ்சினுக்குப் பயன்படும். டீசல் போதும், விரைவில் மலாயா நிறத்தில் ஒன்று ஓட வேண்டும் என்பவர் 22ஆம் வகுப்பை மூன்றாம் வழியில் செய்யட்டும், அதில் குறைவொன்றுமில்லை. இரண்டிலும் வாங்கும் வரிசை ஒன்றே: சக்கரமும் கியர்பாக்ஸும் மோட்டாரும் முதலில், அவை கைக்கு வந்து, சட்டகம் மட்டும் வளைவில் முன்னும் பின்னும் அரைமணி நேரம் தடையின்றி ஓடிய பிறகு கூட்டுக்கான தகடோ முப்பரிமாண அச்சோ.